வல்லரசுகளின் படைபலம்: பட்டியல்கள் கூறுவதும் மறைப்பதும்

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் திகதி, இரண்டாம் உலக மகா யுத்தத்தில் ஜப்பான் தோற்கடிக்கப்பட்டதன் 80ஆவது ஆண்டு நிறைவையொட்டி, பீஜிங் தியனன்மென் சதுக்கத்தில் சீனா பிரமாண்டமான இராணுவ அணிவகுப்பொன்றை நடத்தியது. ஜனாதிபதி ஷி ஜின்பிங்குடன் ரஷ்ய ஜனாதிபதி விளாடிமிர் புட்டினும் வட கொரியத் தலைவர் கிம் ஜொங் உன்னும் நின்று பார்த்திருக்க, கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் அவர்கள் முன்பாக வரிசையாகச் சென்றன. சரியாக இரண்டு தினங்கள் கழித்து, அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் தமது நாட்டின் பாதுகாப்புத் திணைக்களத்திற்கு ‘யுத்தத் திணைக்களம்’ என்ற இரண்டாவது பெயரைச் சூட்டும் நிறைவேற்று ஆணையில் கையொப்பமிட்டார். அது புதிய பெயருமன்று. 1789ஆம் ஆண்டு தொடக்கம் 1947ஆம் ஆண்டு வரை வழக்கிலிருந்து, பின்னர் கைவிடப்பட்ட பெயராகும்.

இவ்வாறான தருணங்களில் எல்லாம், உலகின் பலம் வாய்ந்த இராணுவம் எது என்ற வினா எழுகின்றது. படையினர் எத்தனை இலட்சம், தாங்கிகள் எத்தனை, போர் விமானங்கள் எத்தனை என எண்ணி, நாடுகளை முதலாம் இடம், இரண்டாம் இடம் என வரிசைப்படுத்தும் பட்டியல்கள் வெளியாகின்றன. பரீட்சைப் பெறுபேறுகளைப் பார்ப்பது போன்று மக்களும் அவற்றை ஆவலுடன் பார்க்கின்றனர். இப்பட்டியல்கள் பொய்யானவை என நாம் கூற வரவில்லை. ஆயினும், ஒரு நாட்டின் படைபலம் என்பது எல்லா இடங்களிலும் எல்லாக் காலங்களிலும் ஒரே அளவினதாக இருப்பதில்லை. தனது கரையிலிருந்து எவ்வளவு தொலைவில் போரிடுகின்றது, இழந்த ஆயுதத்தை எத்தனை நாட்களில் மீண்டும் செய்து கொள்கின்றது என்பவற்றைப் பொறுத்து அப்பலம் கூடவும் குறையவும் செய்கின்றது. கடந்த சில வருட யுத்தங்கள் இவ்வுண்மையை வல்லரசுகளுக்கே கசப்பாக உணர்த்தியுள்ளன.

முதலில் பணத்தை நோக்குவோம். ஸ்டொக்ஹோம் சர்வதேச சமாதான ஆய்வு நிறுவனத்தின் கணிப்பின்படி 2024ஆம் ஆண்டில் உலக நாடுகள் இராணுவத்திற்காகச் செலவிட்ட தொகை 2,718 பில்லியன் டொலர்களாகும். இதில் 997 பில்லியன், அதாவது நூற்றுக்கு 37 வீதம், ஐக்கிய அமெரிக்காவினுடையது. இத்தொகை அதற்கு அடுத்த ஒன்பது நாடுகள் செலவிட்ட மொத்தத் தொகையிலும் அதிகமாகும். சீனா 314 பில்லியன், ரஷ்யா 149 பில்லியன் என மதிப்பிடப்பட்டுள்ளது. அதன் பின்னர் ஜேர்மனி, இந்தியா, பிரித்தானியா, சவூதி அரேபியா ஆகியன 80 முதல் 90 பில்லியன் வரையில் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன.

இந்த வரிசையை அவ்வாறே ஏற்றுக் கொண்டால், சீனாவைப் போன்று மூன்று மடங்கிற்கும் அதிகமான பலம் அமெரிக்காவிற்கு உண்டு என்றாகிவிடும். ஆனால் அமெரிக்கப் படைவீரர் ஒருவருக்கும் சீனப் படைவீரர் ஒருவருக்கும் ஒரே சம்பளம் வழங்கப்படுவதில்லை. ஷங்ஹாயில் ஒரு போர்க் கப்பலைக் கட்டும் தொழிலாளியின் கூலியும் வர்ஜீனியாவில் அதே வேலையைச் செய்பவரின் கூலியும் ஒன்றல்ல. டொலரில் சிறியதாகத் தோன்றும் தொகை உள்நாட்டில் பெரிய காரியங்களைச் செய்து முடிக்கின்றது. மறுபுறத்தில், சவூதி அரேபியா பிரித்தானியாவுக்கு நிகராகச் செலவிடுகின்றது. அதன் விமானப்படையிடம் உயர்தர அமெரிக்க, ஐரோப்பிய விமானங்கள் உள்ளன. இருந்தும், 2015 மார்ச்சில் யேமனில் தொடங்கிய யுத்தத்தில், 2022 ஏப்ரல் போர்நிறுத்தம் வரையிலான ஏழு வருடங்களில், உலகின் மிக வறிய நாடுகளில் ஒன்றின் ஹௌதி இயக்கத்தைத் தலைநகர் ஸன்ஆவிலிருந்து அகற்ற அதனால் இயலவில்லை.

படைகளின் எண்ணிக்கையும் இத்தகையதே. 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூரில் சரணடைந்த பிரித்தானியத் தரப்புப் படையினர், தம்மை முற்றுகையிட்ட ஜப்பானியப் படையிலும் பார்க்க இரு மடங்கிற்கும் அதிகமானோராவர். 1991இல் வளைகுடா யுத்தத்திற்கு முன்னர் சதாம் ஹுசைனின் ஈராக்கிய இராணுவம் உலகின் நான்காவது பெரிய இராணுவம் என வர்ணிக்கப்பட்டது. ஐந்து வாரங்களுக்கும் மேலான விமானத் தாக்குதல்களின் பின்னர் அது தரைப்போரில் நின்று பிடித்தது 100 மணித்தியாலங்கள் மாத்திரமே. 2021 ஓகஸ்டில், கடதாசியில் மூன்று இலட்சம் பேரைக் கொண்டிருந்த ஆப்கானிஸ்தான் அரசாங்கப் படைகள் சில வாரங்களுக்குள் கரைந்து போயின.

அமெரிக்காவின் உண்மையான தனித்துவம் அதன் போர் விமானங்களிலோ தாங்கிகளிலோ இல்லை என்பதே எமது கணிப்பு. அது தொலைதூரத்திற்குச் சென்று போரிடும் ஆற்றலிலேயே தங்கியுள்ளது. அணுசக்தியில் இயங்கும் 11 விமானந்தாங்கிக் கப்பல்கள், 200க்கும் அதிகமான சி-17 ரகப் பாரிய சரக்கு விமானங்கள், வானிலேயே எரிபொருள் நிரப்பும் 400க்கும் மேற்பட்ட விமானங்கள், ஏறத்தாழ 80 நாடுகளிலும் ஆள்புலங்களிலும் பரந்து கிடக்கும் சுமார் 750 தளங்கள் என்பன வேறெந்த நாட்டிடமும் இல்லாதவை. 2025 ஜூன் 22ஆம் திகதி மிசூரி மாநிலத்திலிருந்து புறப்பட்ட ஏழு பி-2 குண்டுவீச்சு விமானங்கள், ஈரானின் போர்டோ, நடன்ஸ் அணு நிலையங்கள் மீது 14 பாரிய குண்டுகளை வீசிவிட்டு, எங்கும் தரையிறங்காமல் மீண்டும் தாயகம் திரும்பின. அத்தாக்குதலின் நியாயம் வேறு விடயம். ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் அனுமதியோ அமெரிக்கக் காங்கிரஸின் அனுமதியோ அதற்குப் பெறப்பட்டிருக்கவில்லை. ஆனால் அவ்வாறானதொரு பறப்பை மேற்கொள்ளும் வல்லமை இன்று சீனாவுக்கும் இல்லை, ரஷ்யாவுக்கும் இல்லை. ரஷ்யாவிடம் எஞ்சியிருந்த ஒரேயொரு விமானந்தாங்கிக் கப்பலான ‘அட்மிரல் குஸ்நெட்சோவ்’ 2018ஆம் ஆண்டிற்கு முன்னரே திருத்த வேலைக்குச் சென்று, தீ விபத்துகளுக்கும் தாமதங்களுக்கும் உள்ளாகி, மீண்டும் கடலுக்குத் திரும்பவேயில்லை.

அதேவேளை, தாய்வான் நீரிணையில் கணக்கு தலைகீழாகின்றது. அந்நீரிணையின் மிக ஒடுங்கிய பகுதி ஏறத்தாழ 130 கிலோமீற்றர் அகலமானது. சீனாவின் முழுக் கரையோரமும் அதன் பின்னால் ஒரு மாபெரும் விமானத்தளமாகவும் ஏவுகணை மேடையாகவும் நிற்கின்றது. அமெரிக்கப் படைகளோ குவாமிலிருந்து ஏறத்தாழ 2,700 கிலோமீற்றரும், கலிபோர்னியாவிலிருந்து 10,000 கிலோமீற்றருக்கும் அதிகமாகவும் கடந்து வரவேண்டும். சீனாவின் டீ.எஃப்-26 ரக ஏவுகணையின் வீச்செல்லை சுமார் 4,000 கிலோமீற்றர். குவாம் தீவு அதற்குள் அடங்கி விடுகின்றது. ஆக, 11 விமானந்தாங்கிகளுக்கு எதிராக சீனாவிடம் 2025 நவம்பரில் சேவையில் இணைக்கப்பட்ட ‘பூஜியான்’ உட்பட மூன்று மாத்திரமே உள்ளன என்ற ஒப்பீடு அந்த நீரிணையில் பெரிதாக அர்த்தப்படுவதில்லை. கரையிலிருந்தே விமானங்கள் எழக்கூடிய நாட்டிற்கு விமானந்தாங்கிக் கப்பல் எதற்கு?

கடலில் மிதக்கும் பெருங்கலங்களைப் பற்றி எமது கிழக்குக் கரை மக்களுக்குப் புதிதாக எடுத்துக்கூற வேண்டியதில்லை. விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதற் கப்பலான பிரித்தானியாவின் ‘ஹேர்மிஸ்’, திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த நிலையில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்குள்ளாகி மட்டக்களப்புக்கு அப்பாலான கடலில் மூழ்கியது. அன்று அதன் மேல்தளத்தில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிரித்தானியக் கடற்படைப் பட்டியலில் அது அன்று காலைவரை ஒரு விமானந்தாங்கியாகவே எண்ணப்பட்டிருந்தது.

எண்பது வருடங்களின் பின்னர், 2022 ஏப்ரல் 14ஆம் திகதி, கருங்கடலில் அதே கதை வேறொரு வடிவில் நிகழ்ந்தது. ரஷ்யாவின் கருங்கடல் கப்பற்படையின் தலைமைக் கப்பலான ‘மொஸ்க்வா’ உக்ரேனின் இரண்டு நெப்டியூன் ஏவுகணைகள் தாக்கியதன் பின்னர் மூழ்கியது. வெடிபொருட்கள் தீப்பற்றியமையே காரணம் என மொஸ்கோ கூறியது. யுத்தம் தொடங்கிய நாட்களில், எதிரியின் கையில் சிக்காதிருக்கும் பொருட்டுத் தனது தலைமைக் கப்பலைத் தானே மூழ்கடித்த நாடு உக்ரேன். கடற்படை என்று கூறத்தக்க எதுவும் அதனிடம் மிஞ்சியிருக்கவில்லை. இருந்தும், கரையிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணைகளாலும் வெடிமருந்து ஏற்றிய ஆளில்லாப் படகுகளாலும் ரஷ்யக் கப்பற்படை செவஸ்தபோல் துறைமுகத்திலிருந்து கிழக்கே நொவரசீஸ்க் நோக்கி ஒதுங்க நேர்ந்தது. துருக்கி 1936ஆம் ஆண்டின் மொன்ட்ரோ உடன்படிக்கையின் பிரகாரம் போர்க் கப்பல்களுக்கு நீரிணைகளை மூடியிருந்தமையால், இழந்த கப்பலுக்குப் பதிலாக வேறொன்றை வடகடலிலிருந்தோ பசுபிக்கிலிருந்தோ கொண்டுவரவும் ரஷ்யாவால் முடியவில்லை. பட்டியலில் உலகின் மூன்று பெரும் கடற்படைகளில் ஒன்று. கருங்கடலிலோ கதவு மூடப்பட்ட அறைக்குள் அகப்பட்ட கடற்படை.

உக்ரேன் யுத்தத்தைச் சற்று விரிவாக நோக்குவது அவசியம். ஏனெனில், படைபல ஒப்பீடு பற்றிய சகல எதிர்வுகூறல்களும் அங்கேதான் பரிசோதிக்கப்பட்டன. 2022 பெப்ரவரி 24ஆம் திகதி ரஷ்யா படையெடுத்தபோது கீவ் சில நாட்களில் வீழ்ந்துவிடும் என மேற்குலகப் புலனாய்வுத் துறைகளே கருதின. வடக்கிலிருந்து இறங்கிய ரஷ்ய வாகனத் தொடரணி சுமார் 60 கிலோமீற்றர் நீளத்திற்கு வீதியில் தேங்கி நின்றது. எரிபொருளும் உணவும் முன்னால் செல்ல வழியில்லை. ஒரு மாதத்தில் கீவைச் சுற்றியிருந்த படைகள் வாபஸ் பெறப்பட்டன. உலகின் இரண்டாவது இராணுவம் எனப் பட்டியல்களில் இடம்பெற்ற படைக்கு நேர்ந்த கதி இது.

உடனே ரஷ்யா கடதாசிப் புலி என்று எழுதப்பட்டது. அதுவும் அவசரத் தீர்ப்பே என்பதைப் பின்வந்த வருடங்கள் காட்டின. யுத்தம் நீண்டபோது, தீர்மானிக்கும் பொருளாக மாறியது ஏவுகணையல்ல, சாதாரண ஆட்லறி எறிகணை. அமெரிக்கா யுத்தத்திற்கு முன்னர் மாதமொன்றுக்கு 155 மில்லிமீற்றர் எறிகணைகளை ஏறத்தாழ 14,000 என்ற அளவிலேயே உற்பத்தி செய்து வந்தது. உக்ரேன் போர்க்களத்தில் அது இரண்டொரு நாட்களுக்கே போதுமானது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வருடத்திற்குள், 2024 மார்ச்சுக்கு முன்னதாக, பத்து இலட்சம் எறிகணைகளை வழங்குவதாக உறுதியளித்துவிட்டு, ஏறத்தாழ அதில் பாதியையே வழங்கியது. 2024இல் நேட்டோ நாடுகள் யாவும் சேர்ந்து இராணுவத்திற்குச் செலவிட்ட தொகை 1,506 பில்லியன் டொலர். ரஷ்யாவின் செலவைப் போன்று பத்து மடங்கு. ஆயினும் நேட்டோ நாடுகள் ஒரு வருடத்தில் செய்யும் வெடிபொருட்களை ரஷ்யா மூன்று மாதங்களில் செய்து விடுகின்றது என நேட்டோவின் செயலாளர் நாயகம் மார்க் ரூட்டே 2025 ஜனவரியில் பகிரங்கமாகவே குறிப்பிட்டார். போதாக்குறைக்கு வட கொரியாவிலிருந்தும் எறிகணைகள் வந்து சேர்ந்தன. பின்னர் படைவீரர்களும் வந்தனர்.

கெடுபிடி யுத்தம் முடிந்த பின்னர் மேற்குலகம் விலையுயர்ந்த, நுட்பமான ஆயுதங்களைச் சிறிய தொகையில் செய்யும் வழக்கத்திற்கு மாறியது. ஆயுதக் கம்பனிகளுக்கு அதில் இலாபம் அதிகம். பழைய எறிகணைத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ரஷ்யாவோ சோவியத் காலத்துத் தொழிற்சாலைகளை முற்றாகக் கைவிடவில்லை. பத்து மடங்கு பணத்திற்கும் வெறுமையான களஞ்சியத்திற்கும் இடையிலான முரண்பாட்டின் வேர் இங்கேதான் உள்ளது.

இந்த இடைவெளியை உக்ரேன் ஆளில்லா விமானங்களால் நிரப்ப முற்பட்டது. சில நூறு டொலர் பெறுமதியான சிறு பறக்கும் சாதனமொன்று பல மில்லியன் டொலர் பெறுமதியான தாங்கியை அழிக்கும் காட்சி அங்கு அன்றாட நிகழ்வாயிற்று. 2025 ஜூன் முதலாம் திகதி, லொறிகளில் மறைத்துக் கொண்டு செல்லப்பட்ட 117 சாதனங்கள் சைபீரியா வரையிலுள்ள ரஷ்ய விமானத்தளங்களைத் தாக்கின. 41 விமானங்கள் சேதமடைந்ததாக உக்ரேன் உரிமை கோரியது. சுயாதீன மதிப்பீடுகள் அதிலும் குறைவாகவே கூறின. எண்ணிக்கை எதுவாயினும், அணுகுண்டு சுமக்கும் விமானங்கள் லொறியில் வந்த சாதனங்களால் எரிந்தன என்பதில் மாற்றுக் கருத்தில்லை. இதில் மற்றொரு விசித்திரமும் உண்டு. இரு தரப்பினரும் பறக்கவிடும் சாதனங்களின் மோட்டார்களும் மின்கலங்களும் பெரும்பாலும் சீனத் தொழிற்சாலைகளிலிருந்தே வருகின்றன.

செங்கடலுக்கு வருவோம். காஸா மீதான இஸ்ரேலிய யுத்தத்திற்கு எதிர்ப்பெனக் கூறி 2023 நவம்பர் முதல் ஹௌதிகள் அவ்வழியால் சென்ற கப்பல்களைத் தாக்கினர். சில ஆயிரம் அல்லது சில பத்தாயிரம் டொலர் பெறுமதியான ஆளில்லா விமானங்களைச் சுட்டு வீழ்த்த அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள், ஒன்று ஏறத்தாழ 20 இலட்சம் டொலர் பெறுமதியான ஏவுகணைகளைப் பயன்படுத்தின. 2025 மார்ச் 15ஆம் திகதி ட்ரம்ப் நிர்வாகம் தொடங்கிய தாக்குதல் நடவடிக்கையில் ஏப்ரல் இறுதிக்குள் 800க்கும் மேற்பட்ட இலக்குகள் தாக்கப்பட்டதாக அமெரிக்கப் படைத்தரப்பு அறிவித்தது. ராஸ் ஈசா எரிபொருள் துறைமுகத்தின் மீதான ஒரே தாக்குதலில் 70க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டதாக ஹௌதி நிர்வாகத்தின் சுகாதாரப் பிரிவு தெரிவித்தது. அமெரிக்கத் தரப்பில் ‘ஹரி ட்ரூமன்’ விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து, ஒவ்வொன்றும் 60 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட இரண்டு போர் விமானங்கள் அடுத்தடுத்துக் கடலில் வீழ்ந்தன. மே 6ஆம் திகதி ஓமானின் மத்தியஸ்தத்துடன் அமெரிக்கா தனது தாக்குதலை நிறுத்தியது. அமெரிக்கக் கப்பல்களைத் தாக்குவதில்லை என்பதே ஹௌதிகள் தந்த உறுதிமொழி. ஜூலை மாதத்தில் அவர்கள் வேறு இரண்டு வர்த்தகக் கப்பல்களை மூழ்கடித்தனர்.

உலகின் முதலாம் இராணுவம் அங்கு தோற்றது எனக் கூறுவது மிகைப்படுத்தலாகும். ஆனால் கடற்பாதையைத் திறந்து வைத்தல் என்ற அறிவிக்கப்பட்ட இலக்கை அது எய்தவில்லை. கப்பல்கள் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே பயணித்தன. கட்டணமும் காப்புறுதியும் உயர்ந்தன. மத்திய கிழக்கிற்கும் ரஷ்யாவிற்கும் தேயிலை அனுப்பும் எமது ஏற்றுமதியாளர்களும் இதன் சுமையைத் தாங்கினர். கொழும்புத் துறைமுகத்திற்கோ கொள்கலன்களைக் கப்பலுக்குக் கப்பல் மாற்றும் வேலை எதிர்பாராத விதமாகப் பெருகியது. இதனிடையே 2024 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க செங்கடலுக்கு இலங்கைக் கடற்படைக் கப்பலொன்றை அனுப்புவதாக அறிவித்தார். இரண்டு வாரங்களுக்கு 25 கோடி ரூபா செலவாகும் என்பதை அவரே கூறினார். நாசகாரிக் கப்பல்களாலேயே திறக்க முடியாத பாதைக்கு, 2022இல் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என அறிவித்திருந்த நாடு கப்பல் அனுப்புவது என்ன கணக்கு என அந்நாட்களில் கேட்கப்பட்டது நியாயமானதே.

ஏவுகணைக் களஞ்சியம் எவ்வளவு விரைவில் வெறுமையாகும் என்பதற்கு 2025 ஜூனில் 12 நாட்கள் நீடித்த இஸ்ரேல் – ஈரான் யுத்தமும் சான்று. இஸ்ரேலைப் பாதுகாப்பதற்காக அமெரிக்கா அந்த 12 நாட்களில், ஒன்று 12 மில்லியன் டொலருக்கும் மேற்பட்ட ‘தாட்’ இடைமறிப்பு ஏவுகணைகளை நூற்றுக்கும் அதிகமாக ஏவியதாக அமெரிக்க ஊடகங்கள் தெரிவித்தன. அவற்றை மீண்டும் செய்து நிரப்ப வருடங்கள் செல்லும்.

இனி, சீனா. அதன் கடற்படையில் 370க்கும் மேற்பட்ட கப்பல்களும் நீர்மூழ்கிகளும் இருப்பதாகப் பெண்டகனின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அமெரிக்காவிடம் இருப்பவை 300க்கும் குறைவு. அமெரிக்கக் கப்பல்கள் பெரியவை, அவர்களது ஏறத்தாழ 70 நீர்மூழ்கிகளும் அணுசக்தியில் இயங்குபவை என்பதால் எண்ணிக்கை மாத்திரம் முடிவாகாது. எமது பார்வையில் கப்பல்களின் எண்ணிக்கையிலும் பார்க்கக் கப்பல் கட்டும் தளங்களே முக்கியமானவை. உலகில் கட்டப்படும் வர்த்தகக் கப்பல்களின் கொள்ளளவில் பாதிக்கு மேற்பட்டது இன்று சீனாவில் கட்டப்படுகின்றது. அமெரிக்காவின் பங்கு நூற்றுக்கு ஒரு வீதமும் இல்லை. இரண்டாம் உலக மகா யுத்தத்தில் ஜப்பானை அமெரிக்கா வென்றமைக்கு, மூழ்கும் கப்பல்களிலும் பார்க்க விரைவாகப் புதிய கப்பல்களைக் கட்டிய அதன் தளங்களே பிரதான காரணம். அந்த அனுகூலம் இன்று பசுபிக்கின் மறுகரைக்குச் சென்றுவிட்டது.

அருமண் உலோகங்களின் கதையும் இதனுடன் சேர்ந்ததே. அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானமொன்றில் 400 கிலோகிராமுக்கும் அதிகமான அருமண் பொருட்கள் உள்ளன. உலகில் இவற்றைச் சுத்திகரிக்கும் தொழிலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சீனாவிடம் இருக்கின்றது. 2025 ஏப்ரலில் ட்ரம்பின் தீர்வை வரிகளுக்குப் பதிலடியாக ஏழு வகை அருமண் உலோகங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தபோது, மேற்குலகத் தொழிற்சாலைகள் சில வாரங்களுக்குள் தடுமாறின. தனது பிரதான எதிரியிடமிருந்து மூலப்பொருள் வாங்கி அவ்வெதிரிக்கு எதிரான விமானத்தைக் கட்டும் நிலை இராணுவப் பட்டியல் எதிலும் பதிவாவதில்லை.

இருந்தும் சீன இராணுவத்தின் மீது ஒரு பெரிய வினாக்குறி உண்டு. அது 1979இல் வியட்நாமுடன் மோதிய பின்னர் பெரிய யுத்தம் எதிலும் ஈடுபடவில்லை. இன்றைய அதன் தளபதிகளில் பெரும்பாலானோர் உண்மையான போர்க்களத்தைக் கண்டிராதவர்கள். முன்னாள் பாதுகாப்பு அமைச்சர்களான லீ ஷங்ஃபூவும் வெய் ஃபெங்ஹேயும் ஊழல் குற்றச்சாட்டில் 2024 ஜூனில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டனர். 2025 ஒக்டோபரில் மத்திய இராணுவ ஆணைக்குழுவின் உப தலைவர் ஹே வெய்டொங் உட்பட ஒன்பது உயர் அதிகாரிகள் நீக்கப்பட்டனர். ஏவுகணைப் படையணியின் தலைமையே திரும்பத் திரும்பக் களையெடுக்கப்படுமாயின், அணிவகுப்பில் சென்ற ஏவுகணைகளின் தரம் பற்றி ஷி ஜின்பிங்கிற்கே ஐயம் இருக்கக்கூடும் என ஊகிப்பதில் தவறில்லை.

அணுவாயுதம் என வரும்போது ஒப்பீடே வேறு. 2025 ஜனவரி நிலவரப்படி உலகில் 12,241 அணுவாயுதங்கள் உள்ளதாக ஸ்டொக்ஹோம் நிறுவனம் கணித்தது. ரஷ்யாவிடம் 5,459, அமெரிக்காவிடம் 5,177, சீனாவிடம் 600. பிரான்ஸ் 290, பிரித்தானியா 225, இந்தியா 180, பாகிஸ்தான் 170, இஸ்ரேல் 90, வட கொரியா 50. இங்கு ஐயாயிரத்திற்கும் ஐம்பதிற்கும் உள்ள வேறுபாடு, பூச்சியத்திற்கும் ஐம்பதிற்கும் உள்ள வேறுபாட்டைப் போன்று பெரியதன்று. உக்ரேன் தனது மண்ணிலிருந்த சோவியத் அணுவாயுதங்களை 1994ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் இணக்கப்பாட்டின் கீழ்க் கையளித்தது. அதன் எல்லைகளை மதிப்பதாக உறுதியளித்துக் கையொப்பமிட்ட நாடுகளுள் ரஷ்யாவும் ஒன்று. லிபியாவின் கடாபி 2003இல் தமது அணுத் திட்டத்தைக் கைவிட்டார். 2011இல் நேட்டோவின் குண்டுவீச்சின் துணையுடன் வீழ்த்தப்பட்டார். வட கொரியா 2006இல் பரிசோதனை நடத்தியது. அதன் மீது எவரும் படையெடுக்கவில்லை. சிறிய நாடுகளின் ஆட்சியாளர்கள் இவற்றிலிருந்து எந்த முடிவுக்கு வருவார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. அமெரிக்காவினதும் ரஷ்யாவினதும் ஏவுநிலை அணுவாயுதங்களை 1,550 என மட்டுப்படுத்திய ‘புதிய ஸ்டார்ட்’ உடன்படிக்கை ஒரு தடவை மாத்திரமே நீடிக்கப்படக்கூடியது. 2021இல் அவ்வாறு நீடிக்கப்பட்ட அதன் ஆயுள் 2026 பெப்ரவரியுடன் முடிவெல்லையை அடைந்தது.

பிரித்தானியாவும் பிரான்ஸும் அணுவாயுதத்தாலும் பாதுகாப்புச் சபை ஆசனத்தாலும் வல்லரசு என்ற பெயரைத் தக்க வைத்திருக்கின்றன. இந்தியாவின் நிலைமை வேறு. ஏறத்தாழ 14 இலட்சம் படையினரையும் இரண்டு விமானந்தாங்கிகளையும் கொண்டுள்ள அந்நாடு, 2025 மே 7 முதல் 10 வரை பாகிஸ்தானுடன் மோதியபோது தனது போர் விமானங்கள் சிலவற்றை இழந்தது. எண்ணிக்கையைக் கூறாமல் இந்தியாவின் முப்படைத் தளபதி அனில் சௌஹான் அதனைச் சிங்கப்பூரில் ஏற்றுக் கொண்டார். பாகிஸ்தான் பயன்படுத்திய ஜே-10 விமானங்கள் சீனத் தயாரிப்புகளாகும். அந்நான்கு நாட்களில் தனது படைவீரர் ஒருவரையேனும் அனுப்பாத சீனாவும் அங்கு பரீட்சைக்குத் தோற்றியது எனலாம்.

இவ்வளவு ஆயுதங்களும் யாருடைய தலையில் விழுகின்றன என்பதைப் பட்டியல் தயாரிப்போர் கேட்பதில்லை. 2020 முதல் 2024 வரையான காலத்தில் உலக ஆயுத ஏற்றுமதியில் நூற்றுக்கு 43 வீதம் அமெரிக்காவினுடையது. 2023 ஒக்டோபர் 7ஆம் திகதி ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் 2025 ஒக்டோபர் போர்நிறுத்தம் வரை காஸாவில் கொல்லப்பட்டோர் தொகை 67,000க்கும் அதிகம் என அங்குள்ள சுகாதார அமைச்சு பதிவு செய்தது. அங்கு வீழ்ந்த குண்டுகளில் பெரும் பகுதி அமெரிக்கத் தயாரிப்பு. காஸாவுக்கு விமானப்படையோ கடற்படையோ கிடையாது; எந்தப் பட்டியலிலும் அதற்கு இடமில்லை.

எமது சமுத்திரத்தின் நிலைமையையும் கூறியாக வேண்டும். சீனாவின் ‘யுவான் வாங் 5’ கப்பல் 2022 ஓகஸ்டில் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது புதுடில்லியும் வொஷிங்டனும் ஆட்சேபித்தன. அழுத்தம் தொடர்ந்தமையால் 2024 முழுவதும் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு இலங்கை தடை விதித்தது. ஆனால் இச்சமுத்திரத்தின் நடுவே நிலையாக அமைந்துள்ள பெரிய தளம் இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர் தொலைவிலுள்ள டியாகோ கார்சியாவாகும். அத்தளத்தை அமைப்பதற்காக 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் அத்தீவின் பூர்வீகக் குடிகள் அனைவரையும் பிரித்தானியா வெளியேற்றியது. 2025 மே மாதத்தில் தீவுக்கூட்டத்தின் இறைமையை மொரீஷியஸிடம் கையளிக்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டபோதும், தளத்தை 99 வருடக் குத்தகையில் தன்வசம் வைத்துக் கொள்ளும் ஏற்பாட்டை அது செய்து கொண்டது.

2021 ஒக்டோபரில் கனடா நோக்கிச் சென்ற படகொன்று பழுதடைந்தமையால் இலங்கைத் தமிழ் அகதிகள் பலர் அத்தீவில் கரைசேர்க்கப்பட்டனர். சிறு பிள்ளைகள் உட்பட அவர்கள் வேலியிடப்பட்ட கூடார முகாமில் மூன்று வருடங்களுக்கும் மேலாக அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். எஞ்சியிருந்தோரில் பெரும்பாலானோர் 2024 டிசம்பரில் பிரித்தானியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். நான்கு மாதங்கள் கழிவதற்குள், 2025 மார்ச் இறுதியில், அதே தீவின் ஓடுபாதையில் பி-2 குண்டுவீச்சு விமானங்கள் தரித்து நிற்பதைச் செய்மதிப் படங்கள் காட்டின.